உயரே எழும்ப உறுதியான தரை வேண்டும்

இத்தாலியின் வட பகுதியில் மொந்திகியாரி என்ற சிறுநகரம் இருக்கிறது. அந்நகரின் உள்விளையாட்டு அரங்குக்குப் 'பாலாஜார்ஜ்' என்று பெயர். 'பாலா' என்பது இத்தாலியர்கள் தங்கள் விளையாட்டு அரங்குகளின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் சுருக்கச் சொல். அதன் பின்னால் வரும் ஜார்ஜ் இத்தாலியர் அல்லர். அந்நகரின் கைப்பந்து அணிக்காக ஆடிய ஜிம்மி ஜார்ஜ் என்ற இந்தியர். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேராவூரில் 1955 மார்ச் 8ஆம் தேதி பிறந்தவர். 1987 நவம்பர் 30ஆம் தேதி இத்தாலியில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 32தான்.

திருவனந்தபுரத்திலும் அவர் பெயரில் ஓர் உள்விளையாட்டு அரங்கு உள்ளது. சொந்த மாநிலம் தன் வீரருக்கு மரியாதை செய்வது இயல்பு. எங்கிருந்தோ வந்து சில பருவங்கள் ஆடிவிட்டு மறைந்த ஒருவரின் பெயரை அயல்நாட்டு நகரம் ஒன்று தன் அரங்குக்குச் சூட்டுவது அரிது. ஆனாலும் நம் வயதுடையோரிடம் இந்தியாவின் கிரிக்கெட் வீரர்களில் பத்துப் பேரைச் சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். கைப்பந்து வீரர் ஒருவரைச் சொல்லச் சொன்னால் யோசிப்பார்கள். நானும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் இந்தப் பெயரை அறிந்துகொண்டேன்.

ஜிம்மி ஜார்ஜைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய எம்பலைப் பற்றியே பேசுகிறார்கள். வலைக்கு மேலே எழும்பி, ஒரு கணம் காற்றில் நின்று, பிறகு பந்தை அடித்து இறக்குவார் என்பார்கள். பிறவித் திறமை, தெய்வம் தந்த வரம் என்றும் சொல்வார்கள். அந்தத் திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆண்டு வாரியாகப் படித்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர் எழும்பிய ஒவ்வொரு முறையும் அவர் காலுக்குக் கீழே யாரோ ஒரு தரையைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தரையைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் திறமையை நாம் உண்டாக்க முடியாது. தரையை உண்டாக்க முடியும்.

வீட்டிலிருந்து தொடங்கியது

ஜிம்மியின் தந்தை ஜார்ஜ் ஜோசஃப் பல்கலைக்கழக அளவில் கைப்பந்து ஆடியவர். பிள்ளைகளுக்கு முதலில் பயிற்சி தந்தவரும் அவரே. ஜிம்மியுடன் சேர்த்து எட்டு சகோதரர்கள். எல்லாருமே பந்து பிடித்தவர்கள். 1987ல் எட்டுப் பேரும் 'ஜார்ஜ் சகோதரர்கள்' என்ற பெயரில் ஒரே அணியாகவே களமிறங்கினார்கள். ஒரு கைப்பந்து அணிக்குக் களத்தில் ஆறு பேர் வேண்டும். இந்த வீட்டில் மாற்று ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் விளையாட்டு ஆர்வம் ஜிம்மியோடு நின்றுவிடவில்லை. அவருடைய தம்பி பாபி ஜார்ஜ் தடகளத்துக்குப் போனார். அவரிடம் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி அஞ்சு பாபி ஜார்ஜ், 2003ல் பாரிசில் நடந்த உலகத் தடகள வெற்றியாளர் போட்டியில் நீளத் தாண்டுதலில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

ஊரும் துணை நின்றது. வட கேரளத்தில் கைப்பந்து என்றால் திருவிழா. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளித் திடலிலோ கம்பம் நட்டு, விளக்குப் போட்டு, மூங்கிலால் பார்வையாளர் படிகள் கட்டி, இரவெல்லாம் போட்டி நடத்துவார்கள். இந்த விளையாட்டுக்குப் பெரிய செலவில்லை. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் சமமான ஒரு நிலம், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். மலையடிவாரத்துக் கிராமங்களிலும் அது பரவியதற்கு இதுவே காரணம். ஒரு சிறுவன் நன்றாக ஆடினால், அதைப் பார்த்துத் தலையாட்டத் தெரிந்த ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள்.

1971ல், 16 வயதில், ஜிம்மி கேரள மாநில அணிக்கு வந்துவிட்டார். 1973 முதல் காலிகட் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1968ல்தான் தொடங்கப்பட்ட இளம் பல்கலைக்கழகம் அது. 1974ல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கு ஆடியபோது அவருக்கு வயது 19. இரண்டு ஆண்டுகள் கழித்து, 21 வயதில், இந்திய அரசின் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

'விளையாட்டு சோறு போடுமா?'

அதே 1976ல்தான் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவையும் எடுத்தார். மருத்துவப் படிப்பைக் கைவிட்டார்.

இந்த வரியைப் படிக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். மருத்துவப் படிப்பில் இடம் கிடைப்பது என்ன சாதாரணமா? அதை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போவதா? ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் இந்த இடத்தில் கைதட்டல் வாங்குவார்கள். 'கனவைத் துரத்துங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்' என்பார்கள். இந்த இரண்டு எதிர்வினைகளுமே அவர் செய்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

ஜிம்மி ஜார்ஜ் வெறுங்கையோடு வெளியேறவில்லை. கேரளக் காவல்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இறுதிவரை அத்துறையைச் சேர்ந்தவராகவே இருந்தார். அதாவது, மருத்துவம் என்ற ஒரு நிலையான பாதையை விட்டு, மாதச் சம்பளமும் பயிற்சி நேரமும் வலுவான அணியும் சேர்ந்து கிடைத்த இன்னொரு பாதைக்கு மாறினார். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார் என்று இதைச் சொல்ல முடியாது. அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்து வைத்தார்.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: 'விளையாட்டு சோறு போடுமா?' இது கேலிக் கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் நியாயமான கேள்வி. விளையாட்டாளரின் ஆட்டக்காலம் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். முழங்கால் ஒருமுறை முறுக்கிக்கொண்டால் அதுவும் இல்லை. பெற்றோர் பயப்படுவதில் தவறே இல்லை. அந்தப் பயத்துக்குப் பதில் மேடைப் பேச்சில் இல்லை. வேலை நியமனக் கடிதத்தில் இருக்கிறது.

இந்தியாவில் ஒரு காலத்தில் இந்தப் பதிலைச் சொன்னவை காவல்துறை, ராணுவம், ரயில்வே, வங்கிகள் போன்றவை. விளையாட்டாளருக்கு வேலை கொடுத்து, ஆட நேரமும் கொடுத்தன. மகேந்திர சிங் தோனி காரக்பூரில் ரயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்ததைத் திரைப்படம் பார்த்த எல்லாரும் அறிவோம். கேரளக் காவல்துறையின் காற்பந்து அணி 1990, 1991 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தியாவின் ஃபெடரேஷன் கிண்ணத்தை வென்றது. ஐ.எம். விஜயன் போன்றவர்கள் அந்த அணியில் வளர்ந்தவர்கள். காவலர் சீருடை அவர்களுக்குச் சோறு போட்டது. அந்தத் தைரியத்தில் அவர்கள் பந்தைத் துரத்தினார்கள்.

வெளியே போய் வளர்ந்தவர்

1979ல் ஜிம்மி ஜார்ஜ் அபுதாபிக்குப் போனார். கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போன காலம் அது. அவரும் ஒரு வகையில் வேலைக்குத்தான் போனார். அவருடைய வேலை, அபுதாபி விளையாட்டு மன்றத்துக்குக் கைப்பந்து ஆடுவது. மூன்று ஆண்டுகள் அங்கே ஆடினார்.

அடுத்து இத்தாலி. 1982ல் திரெவிசோ நகரின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலியத் தொழில்முறைக் கைப்பந்தில் இந்தியர் ஒருவர் ஆடுவது அதுவே முதல் முறை. ஓர் அணியில் வெளிநாட்டவருக்கு மிகச் சில இடங்களே இருக்கும். அந்த இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. இத்தாலியக் கைப்பந்து அப்போது வேகமாக மேலே வந்துகொண்டிருந்தது. 1984 ஒலிம்பிக்கில் இத்தாலி வெண்கலம் வென்றது. 1990, 1994, 1998 என்று தொடர்ந்து மூன்று முறை உலக வெற்றியாளர் ஆனது. அந்த எழுச்சி நடந்துகொண்டிருந்த களத்தில் பேராவூர்க்காரர் ஒருவர் நின்று ஆடியிருக்கிறார். இடையில் கேரளம் திரும்பினார். பிறகு மீண்டும் இத்தாலிக்குச் சென்றார். கடைசியாக ஆடியது மொந்திகியாரி அணிக்கு.

அந்தக் காலத்து ஆட்ட விதிகளையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. அப்போது சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணி வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும், புள்ளி ஏறாது. அதனால் ஒரு செட் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இன்று 'லிபரோ' என்ற ஆட்டக்காரர் இருக்கிறார். அந்த இடம் 1990களின் இறுதியில்தான் உருவாக்கப்பட்டது. ஜிம்மியின் காலத்தில், முன்வரிசையில் எம்பி அடித்தவரே சுழற்சியில் பின்னால் போய், தரையில் விழுந்து பந்தை எடுக்கவும் வேண்டும். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேலே மணிக்கணக்கில் எழும்பி எழும்பி அடிப்பதும், உடனே குனிந்து தற்காப்பதும் எவ்வளவு உடல்வலுவைக் கேட்கும் என்பது பந்து தொட்டவர்களுக்குப் புரியும். அத்தகைய வலு மாலை நேரப் பொழுதுபோக்குப் பயிற்சியால் வராது. நாள் முழுவதும் அதையே தொழிலாகச் செய்யும் வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பு இந்தியாவில் இல்லை. இத்தாலியில் இருந்தது.

சோல் 1986

ஜிம்மி ஜார்ஜ் மூன்று ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடினார்: 1974 டெஹ்ரான், 1978 பேங்காக், 1986 சோல். இடையில் 1982ல் புதுடெல்லியில் நடந்த போட்டி இந்தப் பட்டியலில் இல்லை. அவர் இத்தாலிக்குச் சென்ற ஆண்டு அது. வெளிநாட்டுக் களத்தில் வளர்வதற்கு ஒரு விலை உண்டு என்பதை இந்த இடைவெளி நினைவூட்டுகிறது.

1986ல் சோலில் அவர் மீண்டும் இந்திய அணியில் இருந்தார். சிரில் வள்ளூர் அணித்தலைவர். கேரளக் காவல்துறையின் உதயகுமார் ஆடினார். பி.வி. ரமணாவும் ஆடினார். இவரை நமக்கு வேறு விதத்தில் தெரியும். ஒலிம்பிக் பூப்பந்தில் இரண்டு பதக்கங்கள் வென்ற பி.வி. சிந்துவின் தந்தை இவர். ரமணாவும் ரயில்வே ஊழியர் என்பதைக் கவனியுங்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. தங்கம் சீனாவுக்கு, வெள்ளி தென்கொரியாவுக்கு. நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது ஜப்பான். 1972 ஒலிம்பிக்கில் ஆண்கள் கைப்பந்தில் தங்கம் வென்ற அதே ஜப்பான்.

அதே சோல் போட்டியில் பி.டி. உஷா நான்கு தங்கம் வென்றார். இந்தியாவின் மொத்தத் தங்கமே ஐந்துதான். எனவே நாளிதழ்களின் முதல் பக்கம் உஷாவுக்குப் போனது நியாயமே. ஆனால் உஷாவின் கதையிலும் நான் தேடும் தரை இருக்கிறது. கேரள அரசு 1976ல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறும் அந்தப் பிரிவில் சேர்ந்த சிறுமிகளில் ஒருவர் உஷா. பயோளியில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் வேகம் இருந்தது. அரசு அதற்கு ஓர் ஓடுதளத்தைக் காட்டியது.

சோலுக்கு அடுத்த ஆண்டே ஜிம்மி ஜார்ஜ் இல்லை. கேரளத்தின் சிறந்த விளையாட்டாளர்களுக்கு அவர் பெயரில் விருது வழங்குகிறார்கள். ஆனால் அந்த வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய ஆண்கள் கைப்பந்து அணிக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. 1958ல் வெண்கலம், 1962ல் வெள்ளி, 1986ல் வெண்கலம், அதோடு சரி. ஒலிம்பிக்கில் இந்தியா கைப்பந்து ஆடியதே இல்லை. 2023ல் ஹாங்ஜோவில் தென்கொரியாவை வீழ்த்தி நம்பிக்கை ஊட்டிய அணிகூட ஆறாம் இடத்தில்தான் முடித்தது.

இத்தனை ஆண்டுகளில் பேராவூரிலும் வடகரையிலும் எம்பிக் குதிக்கத் தெரிந்த பிள்ளைகள் பிறக்காமலா போனார்கள்? பிறந்திருப்பார்கள். பந்து உலகத்தரத்துக்கு மாறியபோது பயிற்சியும் நிர்வாகமும் கூடவே மாறவில்லை. 2016ல் உட்பூசல் காரணமாக இந்தியக் கைப்பந்துச் சம்மேளனத்தை அனைத்துலகச் சம்மேளனம் இடைநீக்கமே செய்தது. 2019ல் தொழில்முறைக் கைப்பந்துத் தொடர் ஒன்று வந்தது. அதன் இறுதியாட்டத்தில் காலிகட் அணியைச் சென்னை அணி வென்றது. 2022ல் வேறொரு தொடர் தொடங்கியது. ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியில் தேடிக் கண்டடைந்த வாய்ப்பு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து இப்போதுதான் இந்தியாவுக்குள் மெல்ல முளைக்கிறது.

இங்கே நாம்

சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது இது யாரோ ஒருவரின் கதையாகத் தோன்றலாம். ஆனால் ஜிம்மி முதன்முதலில் ஆடிய அதே 1974 டெஹ்ரான் போட்டியில்தான் நம் சீ சுவீ லீ பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் நம் அடுத்த தங்கம் எப்போது வந்தது? 2023ல், சாந்தி பெரேரா 200 மீட்டரில் வென்றபோது. இடையில் 49 ஆண்டுகள். நம் பிள்ளைகளின் கால்கள் அந்த 49 ஆண்டுகளும் வலுவிழந்து கிடந்தன என்று நான் நம்பவில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்க நாம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2004ல் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி வந்தது. நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தில் விளையாட்டுத் திறனைக் கொண்டே விரும்பிய உயர்நிலைப்பள்ளிக்குப் போகலாம். கீழ்ப்படிகள் நன்றாகவே இருக்கின்றன. படிக்கட்டு உடைவது அதற்கு மேலே.

என் உயர்நிலைப்பள்ளிக் கைப்பந்து அணியில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். இன்று பந்தைத் தொடுபவர்கள் இருவர் மட்டுமே. யாருக்கும் ஆட்டம் சலித்துவிடவில்லை. சாதாரண நிலைத் தேர்வு வந்தது, சிலர் நின்றார்கள். தொடக்கக் கல்லூரியில் துணைப்பாட வகுப்பு வந்தது, இன்னும் சிலர் நின்றார்கள். எங்களில் மிக நன்றாக ஆடியவளிடம், 'இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு?' என்று வீட்டில் கேட்டார்கள். அவளுக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அவளால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? அடுத்த படி என்று காட்ட அவளிடம் எதுவும் இல்லையே.

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தொண்டூழியக் குழு, வெளிநாட்டு ஊழியர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பந்து ஆடியது. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த அண்ணன் ஒருவர், முப்பது வயதைத் தாண்டியவர், எங்கள் குழுவில் யாரையும்விட உயரமாக எம்பினார். அவர் அடித்த பந்தை எடுக்க எங்களில் ஆள் இல்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "மாவட்டம் வரைக்கும் ஆடியிருக்கேன்மா. அப்பா தவறிட்டாரு. அப்புறம் ஆடிக்கிட்டே இருந்தா வீட்டுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த சர்வீஸுக்குப் பந்தை வாங்கப் போய்விட்டார்.

அந்த அண்ணன் ஜிம்மி ஜார்ஜ் ஆகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மலையடிவாரத்து ஜிம்மிக்கு 21 வயதில் ஒரு சீருடையும் சம்பளமும் கிடைத்தன. இவருக்கு அந்த வயதில் குடும்பச் சுமை கிடைத்தது. இருவருடைய கால்களிலும் எம்பல் இருந்தது. ஒருவருக்குக் கீழே மட்டும்தான் தரை இருந்தது.

என்ன செய்யலாம்?

முதலில், பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டா, படிப்பா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். ஜிம்மி ஜார்ஜின் தந்தை பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு திடலுக்கு வந்தார். மாதம் ஒரு போட்டிக்காவது வந்து நில்லுங்கள். பிள்ளையின் ஆட்டம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும். அதன் பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் கண்ணால் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.

இரண்டாவது, நம் சமூக அமைப்புகளும் நிறுவனங்களும். கல்விக்கு நிதி திரட்டுவதில் நம் சமூகத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. தேர்வில் சிறந்தோருக்கு மேடை போட்டுப் பரிசு கொடுக்கிறோம். அந்த உதவித்தொகைகளில் ஒன்றிரண்டு, பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படித்துக்கொண்டே தேசிய அளவில் ஆடும் இளையருக்குப் போகலாம். முதலாளிகளாக இருப்போர், ஆடும் ஊழியருக்குப் பயிற்சி நேரத்தை விட்டுக்கொடுக்கலாம். அன்று ஒரு காவல்துறை செய்ததை இன்று ஒரு நிறுவனம் செய்ய முடியாதா?

மூன்றாவது, நாம். விளையாடும் இளையர்களே, 'கனவு' என்ற சொல்லோடு மட்டும் வீட்டில் போய் நிற்காதீர்கள். வெறும் ஆசையைக் கேட்டால் பெற்றோர் அஞ்சத்தான் செய்வார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த அணி, எந்தப் பயிற்றுவிப்பாளர், படிப்பை எப்படிப் பிரித்துப் படிப்பது, காயம் பட்டால் என்ன வேலை என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் படி இல்லையோ அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காத வரை அது இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

ஆடாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ அடுத்த வாரம் ஏதாவது ஓர் அணிக்குப் போட்டி இருக்கும். அநேகமாகப் பார்வையாளர் இருக்கைகள் காலியாக இருக்கும். போய் உட்காருங்கள். நல்ல அடி விழும்போது கைதட்டுங்கள். பார்க்க ஆள் இருக்கும் விளையாட்டுக்குத்தான் பணம் வரும், பணம் வரும் விளையாட்டில்தான் வேலை வரும். வட கேரளத்து வயல்களில் மூங்கில் படிகளில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்துதான் ஒரு ஜிம்மி ஜார்ஜை உருவாக்கினார்கள்.